வீரபாகுவின் இருமல் துப்பாக்கி

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்வார்கள்: வீரபாகு தன் பெண்டாட்டியின் தம்பி மணியனை எதிரே நிறுத்திச் சுட்டான். முதல் தோட்டா காதோரம் போனது. இரண்டாவதற்கு விசையை இழுத்தபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. கொல்லிமலை எட்டுக்கை அம்மன் தன் கைகளில் ஒன்றை நீட்டித் தோட்டாவைப் பிடித்துவிட்டாள். அதனால் மணியன் பிழைத்தான். மீதி இரண்டு பேரில் ஒருவர், அம்மன் நீட்டியது இடது கை என்பார். இன்னொருவருக்குக் காது கேட்காது.

அந்த இடது கையைச் சேர்த்தது நான்தான். மறைப்பதற்கில்லை. வெறும் கை என்று சொன்னால் ராசிபுரத்தில் யாரும் தலையைத் திருப்பவில்லை. இடது கை என்றதும் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் ஊர் வாயை ஊட்டி வளர்த்தவனுக்கும் ஒரு நாள் உறுத்தும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பாதி வீரபாகுவின் மனைவி ஆத்தாயி சொன்னது. கொஞ்சம் சேலத்துத் துப்பாக்கிக் கடை அகல்யா சொன்னது. மீதி, மணியன் குடித்துவிட்டு அழுதபோது நான் தோளில் கையைப் போட்டு வாங்கியது. வீரபாகு மட்டும் வெகு நாள் வாயே திறக்கவில்லை.

வீரபாகுவுக்கு வயது ஐம்பத்துமூன்று. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் இருபத்திரண்டு வருஷம் சத்தீஸ்கர், ஒடிசா என்று பாறையைத் துளைத்துக்கொண்டே போனவர். திரும்பி வந்தபோது வலது காதை ரிக்கின் சத்தம் தின்றிருந்தது. இடது முழங்காலைக் கழன்று விழுந்த ஒரு ராடு தின்றிருந்தது. மிச்சத்தைக் கொண்டுவந்து, மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் காட்டில் குச்சிக்கிழங்கு போட்டார். மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அதுதான். பக்கத்துக் காடு மணியனுடையது. இரண்டு காட்டுக்கும் கிணறு ஒன்று, கம்ப்ரசர் மோட்டார் ஒன்று, சண்டை மட்டும் தனித்தனி.

மலையிலிருந்து காட்டுப்பன்னி இறங்கும். ஒரு குடும்பம் இறங்கினால் விடிவதற்குள் பத்து வரிசையை உழுதுவிட்டுப் போகும். தின்பது கொஞ்சம், கிளறிப்போடுவது மிச்சம். பன்னியைச் சுட்டால் கேஸ். ஆனால் சத்தம் போட்டு விரட்டலாம். அதற்காகத்தான் வீரபாகுவின் அப்பா அந்தக் காலத்தில் வெள்ளாமைக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அப்பா போனபின் அது மகன் பெயருக்கு வந்தது.

துப்பாக்கி என்றதும் நாட்டுத் துப்பாக்கி என்று நினைத்துவிட வேண்டாம். சீமையில் செய்த பாயிண்ட் டூ டூ. சுண்டு விரல் பாதி அளவுத் தோட்டா. மேகசினில் பத்துத் தோட்டா நிற்கும். விசையை ஒரு முறை இழுத்தால் ஒன்று வெடிக்கும். அந்த உதையிலேயே உள்ளே இருக்கிற போல்ட் என்கிற இரும்புக் கட்டை பின்னால் போய், வெறும் கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். கையால் எதையும் இழுக்க வேண்டியதில்லை. விசையை இழுத்துக்கொண்டே இருந்தால் போதும்.

சொல்லும்போது அப்படித்தான். வீரபாகுவிடம் ஒன்று வெடிக்கும். இரண்டாவது இருமும். வெறும் கூடு வெளியே விழாமல், போல்ட்டின் வாயில் நெட்டுக்குத்தாகக் கடிபட்டு நிற்கும், பல்லிடுக்கில் சிக்கிய முருங்கைச் சக்கை மாதிரி. அதை நகத்தால் நோண்டி எடுப்பதற்குள் பன்னி அடுத்த செடிக்குப் போய்விடும். ஒற்றைச் சத்தத்துக்குப் பன்னி பயப்படாது. எங்கோ சாவு என்று நினைத்துக்கொள்ளும். ஐந்தாறு விடாமல் வெடிக்க வேண்டும். ஆனி மாசத்தில் ஒரு சாயங்காலம், என்ன புண்ணியமோ, மண்மேட்டைப் பார்த்து விடாமல் ஆறு வெடித்தது. அதற்கப்புறம் ஒன்பது நாள் ஒரு பன்னியும் எட்டிப்பார்க்கவில்லை. அந்த ஒன்பது நாள் மனுஷன் தூங்கினார். அதுதான் அவரைக் கெடுத்தது. ஒரு முறை ஓடியது திரும்பவும் ஓடும் என்று நம்பிவிட்டார்.

மணியனுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. “மாமா, உங்க துப்பாக்கி சுடறதில்லீங்க, இருமுது. ஆஸ்பத்திரில காட்டுங்க. எனக்கு ஒத்தைக் கம்பி போதுமுங்க. ரெண்டு காட்டையும் சுத்திக் கட்டி, மோட்டார் ரூம்ல இருந்து ஒரு கொக்கி. பன்னி வந்தா அப்பவே சோலி முடிஞ்சுது” என்றான்.

“கரண்டு வேண்டாம் மாப்ளே.”

“ஊரெல்லாம் போடறானுங்க.”

“ஊரெல்லாம் சாவறதும் உண்டு.”

வீரபாகு கரண்டைப் பார்த்தவர். சத்தீஸ்கரில் ஒரு காட்டில் ரிக்கின் மரத்தை, அதாவது துளை போடுகிற உயரக் கம்பத்தை, தூக்கியபோது மேலே போன லைன் கம்பியில் பட்டுவிட்டது. வண்டியின் படியில் கை வைத்திருந்தவர் சென்னிமலை. பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட ஆள். கையை எடுக்கவே இல்லை. எடுக்க முடியவில்லை. வீரபாகு ஐந்தடி தள்ளி நின்று பார்த்தார். தொட்டால் தானும் போவோம் என்று தெரிந்ததால் தொடவில்லை. அந்தத் தெரிந்த புத்தியை அவர் பிறகு மன்னிக்கவே இல்லை என்று ஆத்தாயி சொன்னாள்.

ஆனால் மணியனும் வெறும் வில்லன் இல்லை. அவன் காட்டிலும் முக்கால்வாசி போயிருந்தது. அவன் தூணை நட்டு, கம்பியையும் இழுத்துக் கட்டிவிட்டான். கொக்கி மட்டும் மாட்டவில்லை. ஆத்தாயி நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் ஒரு பேச்சு முடித்தாள்: விநாயகர் சதுர்த்தி வரைக்கும் கம்பியில் கரண்டு இல்லை. அதற்குள் துப்பாக்கி ஒழுங்காக ஓடிப் பன்னி நின்றால் கம்பியை அவிழ்த்துவிட வேண்டும். ஓடாவிட்டால் மணியன் இஷ்டம்.

கரண்டில்லாத கம்பி ஒன்று ஒரு மாசம் காட்டைச் சுற்றி நின்றால் என்ன ஆகும்? பழகிப்போகும். ஆத்தாயி தினமும் காலையில் காட்டுக்குள் போய் மாட்டுக்குப் புல் அறுத்து, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிப்பாதைப் பக்கம் வருவாள். முட்டி உயரத்தில் கம்பி. இடது கையால் தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கம்பியை அழுத்தித் தாண்டுவாள். ஒரு மாசம் இப்படி. வீரபாகு தினமும் அதைப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

“அதத் தொடாத புள்ள.”

“அதுல என்னங்க இருக்குது, வெறுங் கம்பி.”

“தொடாதன்னா தொடாத.”

“சரிங்க” என்பாள். மறுநாள் தொடுவாள்.

இனி வீரபாகு செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். ரிக்காரனுக்கு ஒரே வேதம்தான்: எண்ணெய் குடிக்காத ஹேமர் பாறைக்குள்ளேயே செத்துப்போகும். ஐநூறு அடிக்குக் கீழே கல்லைக் குத்துகிற இரும்புக்குக் காற்றோடு சேர்த்து எண்ணெய் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அந்த இரும்பும் முன்னும் பின்னும் போகும், துப்பாக்கிப் போல்ட்டும் முன்னும் பின்னும் போகும். அப்புறம் என்ன? லாரிக்கு அடிக்கிற கிரீஸை எடுத்துப் போல்ட்டுக்கும் தோட்டா உட்காருகிற அறைக்கும், ஏன், தோட்டாவுக்குமே தடவினார். வழுக்கட்டும் என்று.

முதல் நாள் மூன்று ஓடியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஒன்றுமே ஓடவில்லை. இந்தச் சின்னத் தோட்டாவின் மேல் ஏற்கெனவே மெழுகு உண்டு. வெடித்தால் கரி தள்ளும். மெழுகும் கரியும் கிரீஸும் செம்மண் புழுதியும் சேர்ந்து உள்ளே அல்வா மாதிரி ஆகிவிட்டது. வீரபாகு என்ன நினைத்தார்? கிரீஸ் பத்தவில்லை என்று நினைத்தார்.

அடுத்தது ஸ்பிரிங். போல்ட்டை முன்னால் தள்ளுகிற ஸ்பிரிங் கிழடாகிவிட்டது, அதனால்தான் சிக்குகிறது என்று முடிவு கட்டினார். ஜலகண்டாபுரம் போய், தறிச் சாமான் கடையில் விசைத்தறிக்குப் போடுகிற ஸ்பிரிங் ஒன்றை வாங்கி, அளவாக வெட்டி மாட்டினார். பழையதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுவைத்தார். புது ஸ்பிரிங் பயில்வான். அந்தச் சின்னத் தோட்டாவின் உதையால் அதைப் பாதி தூரம்கூடத் தள்ள முடியவில்லை. போல்ட் பாதி வழி போய்த் திரும்பி வந்தது. காலிக் கூட்டை எறியவும் இல்லை, அடுத்ததை எடுக்கவும் இல்லை. மேகசினின் உதட்டைக் கொறடால் நெளித்துப் பார்த்தார். போல்ட்டை இழுக்கிற சின்னக் கைப்பிடி விரலுக்குப் பிடிபடவில்லை என்று, ரிக் பட்டறையில் கடைந்து பெரிதாக ஒன்று மாட்டினார். பார்க்க லாரி கியர் மாதிரி இருந்தது. அந்தப் பாரத்தில் போல்ட் இன்னும் சோம்பேறியானது.

இதில் ஒரு கொடுமை உண்டு. லைசென்ஸில் வருஷத்துக்கு நூறு தோட்டாதான் வாங்கலாம் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வைத்தியத்தையும் சரிபார்க்கச் சுட வேண்டும். சுட்டால் தோட்டா போகும். பன்னிக்கு வைத்திருந்ததைத் துப்பாக்கி தின்றது. ஆடி பாதியில் பதினெட்டு மிச்சம். ஆவணி பிறந்தபோது ஐந்து. ஆத்தாயி ஒரு நாள் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “தோட்டாவ விடப் பன்னிதானுங்க சாஸ்தியா இருக்குது” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். வீரபாகு அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அதற்கப்புறம் அவர் சரியாகவே இல்லை. பொழுது சாய்ந்தால் மண்மேட்டருகே துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பன்னி வந்தால் ஒன்று சுடுவார். இருமும். குனிந்து கூட்டை நோண்டுவார். பன்னி இருபதடியில் நின்று கிழங்கைக் கடிக்கிற சத்தம், கேட்கிற அந்த ஒரு காதில் விழும். “ஓடு தாயி, ஓடு தாயி” என்று துப்பாக்கியிடம் கெஞ்சுவாராம். பன்னியிடம் இல்லை. ஒரு தடவை கல்லை எடுத்து எறிந்தார். ஒரு தடவை தகரத்தைத் தட்டிக்கொண்டு முழங்கால் வீங்க ஓடினார். பன்னி அவர் காலளவைத் தெரிந்துவைத்திருந்தது. பத்தடி போய் நின்றுகொண்டது.

வெள்ளாமை போனால் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்கு வாட்ச்மேனாகப் போய்விடலாம். அதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் வெள்ளாமைக்குப் பின்னால் அந்தக் கம்பி நின்றது. சதுர்த்திக்கு ஐந்து நாள். நாலு நாள். அவர் நாளை எண்ணியதைக் கேட்டு, “கல்யாணமா நடக்கப்போகுது, இப்படி எண்ணறீங்க” என்று ஆத்தாயி கேட்டாள்.

“நம்மள்ல யாரோ சாகப் போறோம்” என்றார்.

கடைசி ஐந்து தோட்டாவும் ஒரே சாயங்காலத்தில் இருமித் தீர்ந்ததும், துப்பாக்கியை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், “ஜன்னல் ஸ்கிரீன் கம்பிங்களா, நீளம் பத்துமா?” என்று கேட்டதாம்.

சேலத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற கடை அது. ரிப்பேருக்கும் லைசென்ஸ் உண்டு. மாமனார் படுத்துவிட்டதால் மருமகள் அகல்யாதான் எல்லாம். கண்ணாடி போட்ட, சிரிக்காமல் நக்கல் அடிக்கிற பெண். நான் போய்க் கேட்டபோது இந்தக் கட்டத்தைச் சொல்லும்போது மட்டும்தான் சிரித்தது.

சாக்கைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்திருக்கிறது. “அண்ணா, இது துப்பாக்கிங்களா, லாரி ஆக்சிலுங்களா?”

“கிரீஸ் போட்டேன் சாமி. ஓடட்டும்னு.”

“இவ்ளோ போட்டா நீங்களே வழுக்கி விழுவீங்க. துப்பாக்கி எப்படிங்க ஓடும்?” போல்ட்டைக் கழற்றியது. தறி ஸ்பிரிங் துள்ளி மேஜையிலிருந்து கீழே ஓடியது. “இதென்ன?”

“ஜலகண்டாபுரம்.”

“ஊர் பேரக் கேக்கலைங்கண்ணா. யார் மாட்டுனது?”

“நாந்தான்.”

“நீங்களா கழட்டி மாட்டக் கூடாதுன்னு தெரியுமில்லீங்களா? எவனாவது பாத்தா லைசென்ஸ் போயிரும். பழைய ஸ்பிரிங் எங்க? குப்பையிலயா?”

வீரபாகு சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினார். அகல்யா சொன்னது: “அந்த டப்பாவை அவர் நீட்டுன மாதிரி, ஐ.சி.யு. வாசல்ல பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டுற ஆளுங்களைத்தான் பாத்திருக்கேன்.”

“சரி பண்ண எத்தனை நாளாகும் சாமி?”

“வெச்சுட்டுப் போங்க. அடுத்த வாரம்...”

“அடுத்த வாரம் ஆகாது. நாளைக்கு ஆகோணும்.” அப்புறம் கம்பியைச் சொன்னார். ஆத்தாயி அதை அழுத்தித் தாண்டுவதைக் கையால் செய்து காட்டினார். கடையில் வேறு ஆள் இருந்தும் நிறுத்தாமல் சொன்னார். அகல்யா ரிஜிஸ்டரை எடுத்து எழுதிக்கொண்டது.

அன்று முழுக்கக் கழுவினார்கள். போல்ட்டின் முகத்தில், அறையின் விளிம்பில், கூட்டைக் கொத்தி இழுக்கிற சின்னக் கொக்கியின் நகத்தடியில் எல்லாம் கரி கல்லாகிக் கிடந்தது. பல்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்துத் துடைத்து, கடைசியில் போல்ட் ஓடுகிற தடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அகல்யா டப்பாவிலிருந்த பழைய ஸ்பிரிங்கை மாட்டியது. லாரி கியரைக் கழற்றிப் பழைய மாதிரிச் சின்னக் கைப்பிடியை வைத்தது. மேகசின் உதட்டை நிமிர்த்தியது. “இதுக்குத் தேவை பசிங்கண்ணா. நீங்க விருந்து வெச்சுக் கொன்னுட்டீங்க.”

தோட்டா போடும் முறையையும் காட்டியது. இந்த ஜாதித் தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு இருக்கும். மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். வீரபாகு இத்தனை வருஷம் நிலக்கடலையை மூட்டையில் போடுகிற மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தார்.

“தோட்டாவும் உங்களுது சாதுங்கண்ணா. போல்ட்டை முழுசாத் தள்ள அதுக்குத் தெம்பு இல்லை. வேகமான சரக்கு இருக்கு, அதுல போடுங்க.” லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தது. தொண்ணூறு எழுதியாகிவிட்டது. “பத்துதான் குடுக்க முடியும்.”

பத்து. அதில் ஒன்றைக்கூட சுட்டுப் பார்க்க முடியாது. கடைக்குள் சுடக் கூடாது. வெளியே சுட்டால் பன்னிக்கு இருக்காது.

“ஓடுங்களா சாமி?”

“ஓடணும்” என்றது அகல்யா. “ஓடும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதுங்கண்ணா.”

வேலை முடிய ராத்திரி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, முதல் வண்டியைப் பிடித்து, நாமக்கல்லில் மாறி வந்து இறங்கியபோது காலை ஆறரை. சதுர்த்திக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அந்த ராத்திரி அவர் ஊரில் இல்லை என்பது பன்னிக்குத் தெரிந்ததோ என்னவோ, குடும்பத்தோடு வந்து மணியன் காட்டில் பன்னிரண்டு வரிசையைக் கிளறிவிட்டது. அரைகுறைப் போதையில் இருந்த மணியன், “பேச்சாவது மூச்சாவது” என்று கொக்கியை மாட்டிவிட்டான். விடிந்ததும் கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தான். விடிந்தபோது மும்முனைக் கரண்டு வந்தது, தண்ணீர் பாய்ச்ச கம்ப்ரசரைப் போட்டான், மோட்டார் ரூம் எதிரே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தான், தூங்கிவிட்டான். கொக்கி அப்படியே இருந்தது. அக்காவுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது என்னிடம், “எந்திரிச்சதும் கழட்டிரலாம்னு இருந்தேனுங்க, எந்திரிச்சதும் கழட்டிரலாம்னு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

வண்டிப்பாதையில் வந்த வீரபாகு முதலில் பார்த்தது நாயை. யாருடையது என்று தெரியாத செவலை நாய், கம்பியோரம் நாலு காலையும் நீட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தது. மூஞ்சியருகே புல் கருகியிருந்தது.

அடுத்தது புல்லுக்கட்டு. ஆளுயரத்துக்குமேல் வளர்ந்த குச்சிச் செடிக்கு மேலே பச்சைக் கட்டு ஒன்று தானாக மிதந்து வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. அடியில் ஆத்தாயி. மணியன் காட்டுப் பக்கம் கம்பிக்கு நடுவே வைத்திருந்த படலைத் திறந்து உள்ளே போயிருக்கிறாள். வழக்கமாக அழுத்தித் தாண்டுகிற இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தாள். இடக்கை புல்லுக்கட்டின் மேல். வலக்கை சும்மா.

கத்தினார். கம்ப்ரசர் சத்தத்தில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. அவள் வரப்போகிற இடம் நூற்றைம்பது அடிக்கும் மேலே. அவர் முழங்காலுக்கு அது திருச்செங்கோட்டு மலை. மோட்டார் ரூம் கிணற்றுக்கு அக்கரையில். சுற்றிப் போக வேண்டும், சுற்று வழியிலும் கம்பி. ஆனால் நேர் எதிரே, கிணற்றின் வாய்க்கு மேலே பார்த்தால், மோட்டார் ரூமின் வெளிச்சுவரில் தகரக் கூரைக்கடியில், லைன் கரண்டு உள்ளே போகிற மூன்று பியூஸ் கட்டை தெரிந்தது. வெள்ளைப் பீங்கான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கொக்கி மாட்டிய கட்டையை உடைத்தால் கம்பியில் கரண்டு நிற்கும்; மூன்றில் எதில் கொக்கி என்றுதான் தெரியவில்லை. புல்லுக்கட்டு அந்தத் திசையிலிருந்து நன்றாக இடதுபக்கம் தள்ளி இருந்தது.

உட்கார்ந்தார். சாக்கைக் கிழித்தார். பத்துத் தோட்டாவை மடியில் கொட்டி, விளிம்புக்கு முன்னால் விளிம்பு, விளிம்புக்கு முன்னால் விளிம்பு என்று மேகசினில் அடுக்கினார். வேகமாகப் போட்டால் தப்பாகும், மெதுவாகப் போட்டால் அவள் வந்துவிடுவாள். ஒன்று தப்பாக உட்கார்ந்தது. எடுத்துத் திரும்ப வைத்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் என்ன நினைத்தார் என்று நான் அளந்துவிடலாம்தான். ஆனால் ஆத்தாயியிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்: “சென்னிமலை கை தெரிஞ்சுது புள்ள.”

முதல் தோட்டா தகரத்தில் பட்டது. கட்டிலில் இருந்த மணியன் விழித்தான். கிணற்றுக்கு அக்கரையில் மாமா தன்னைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டியிருப்பதைப் பார்த்தான். எழுந்து மோட்டார் சுவிட்சை அமுக்கியிருந்தால் மோட்டார் நின்றிருக்கும், மாமாவின் கத்தலாவது கேட்டிருக்கும். அவன் எழுந்து வேட்டியைக் கட்டிலுக்கே விட்டுவிட்டு ஓடினான். அவன் ஓடியதைத் தூரத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேர் பார்த்தார்கள். ஊருக்குக் கதை கிடைத்த இடம் அதுதான்.

வீரபாகு அவனைப் பார்க்கவே இல்லை. காலிக் கூடு வெளியே தெறித்து அவர் கன்னத்தில் சுட்டது. தெறித்தது. கடிபடவில்லை. விசையை இழுத்தார். ஒரு பீங்கான் பிளந்தது. தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்; தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. புல்லுக்கட்டைப் பார்த்தார், கடைசி வரிசைக்கு வந்திருந்தது. திரும்ப இழுத்தார், திரும்ப இழுத்தார். சுவரில் காரை தெறித்தது. இரண்டாவது கட்டை போனது. மோட்டாரின் குரல் மாறி உறுமியது, நிற்கவில்லை. மூன்றாவது கட்டை தகரத்தின் நிழலில் பாதி மறைந்திருந்தது. கண்ணில் வியர்வை. புல்லுக்கட்டு நின்றது. தாண்டும் முன் அவள் நிற்கிற இடம் அது. கட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. குனிகிறாள்.

குழாய் ஒரு முறை கமறியது. தண்ணீர் நின்றது.

சத்தம் அடங்கிய காட்டில் ஆத்தாயி கம்பியை வலது கையால் அழுத்தி, ஒரு காலைத் தூக்கி வைத்து, இன்னொரு காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். நாயைப் பார்த்தாள். அப்புறம் பாதையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

“ஏனுங்க இப்படிக் கத்தறீங்க?” என்றாள். அவர் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தாராம்.

இதற்குப் பிறகு நல்லது ஒன்றும் நடக்கவில்லை. ஆள் இருக்கிற பக்கம் சுட்டதற்கு வீரபாகு மேல் ஒரு கேஸ்; துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது; லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. கரண்டு வேலி போட்டதற்கு மணியன் மேல் ஒரு கேஸ். மோட்டார் சர்வீஸும் போனது. தண்ணீர் இல்லாத காட்டில் துப்பாக்கியும் இல்லை, கம்பியும் இல்லை. பன்னி பகலிலேயே வந்தது. தீபாவளிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று ஏக்கரும் உழவு ஓட்டிய மாதிரி கிடந்தது. ஆத்தாயி தம்பியோடு பேசுவதில்லை. வலது கையை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று அவள் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

வீரபாகு இப்போது ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில் வாட்ச்மேன். கையில் ஒரு மூங்கில் தடி. போன மாசம் அந்த வழியாகப் போனவன் கேட்டில் நின்று பேச்சுக் கொடுத்தேன். அம்மன் கதையை அவரிடமே சொன்னேன். மணியனைச் சுட்டது, இரண்டாவது தோட்டா சிக்கியது, இடது கை எல்லாம். மனுஷன் சிரிப்பார், இல்லை அடிப்பார் என்று ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

மணியனைக் கொல்லப் பார்த்ததாக ஊர் சொல்வதைக் கேட்டு அவர் முகம் அசையவில்லை. அம்மனுக்கும் அசையவில்லை. சிக்கிக்கொண்டது என்ற வார்த்தைக்கு மட்டும், கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார்.

“எது சிக்குச்சு?”

“துப்பாக்கிங்கண்ணா. ஊருக்குள்ள அப்படித்தான்...”

“சிக்கலை. பத்தும் ஓடுச்சு. ஒம்பதுல கட்டை மூணும் போச்சு. பத்தாவது அவன் படுத்திருந்த கட்டிலுக்கு. அதுல அவன் இல்லீன்னு தெரிஞ்சுதான் சுட்டேன். சிக்குச்சுன்னு சொல்றவனை, போயிக் கட்டில் சட்டத்துல இருக்கற ஓட்டைல விரல உட்டுப் பாத்துட்டுப் பேசச் சொல்லு.”